பதினோராம் கேள்வி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஏசி ஓடுகிற ஒரு சின்னக் கடை.
ஜெபிஷா மூன்று படங்களை
மேஜையில் சீட்டுக்கட்டுபோல விரித்தாள்.
கட்மத். ஹேவ்லாக். மாலத்தீவு.
மூன்றிலும் ஒரே நீலம்,
துணி சோப்பு நீலம்.

"முதல்முறை டைவிங்கா அக்கா?"
ஆமாம் என்றேன்.
தூத்தூரில் பிறந்து தூத்தூரிலேயே கெட்டி
முப்பத்தெட்டு வயதுவரை
முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை என்பதை
அவளிடம் எதற்குச் சொல்ல.

சீட்டுப் பணம் முழுதாக விழுந்திருந்தது.
மாடிக்கு என்றார் மாமியார்.
பைக்குக்கு என்றான் மகன்.
கடலுக்குள்ள இறங்கிப் பார்க்க என்று நான் சொன்னபோது
கில்டஸ் சோற்றில் வைத்த கையோடு நிமிர்ந்தார்.
"மூச்சு விடியதுக்கு ரூவா குடுக்கணுமா?"

இரவு படங்களை அவர் முன் வைத்தேன்.
ஒவ்வொன்றாகத் தூக்கி
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்,
கள்ளநோட்டு பார்ப்பதுபோல.

"கட்மத்துக்கு அங்கோட்டுதான்
எங்க கியர்பாக்ஸ் போச்சு.
மூணு ராத்திரி.
தீவு லைட்டு தெரியும்.
தெரிஞ்சிட்டே இருக்கும்.

மாலத்தீவுல பத்தொம்பது நாளு
போட்டோட கெட்டிப் போட்டான்.
கோடு தாண்டிட்டோமாம்.
வெள்ளத்துல எங்க கெடக்கு கோடு?
சோறு நல்லாருந்துச்சு, அதைச் சொல்லணும்.
சூரை வச்ச கறி."

மூன்றாவது படத்தின் பின்பக்கத்தையும் பார்த்தார்.
"இங்க நான் போனதில்ல."
அப்போ இதுதான் என்றேன்.

விண்ணப்பம் எட்டுப் பக்கம்.
ஆஸ்துமா உண்டா, நெஞ்சுவலி உண்டா,
தலைசுற்றல், கர்ப்பம்
(அதற்கு அவரே இல்லை என்று டிக் போட்டார்).
பதினோராம் கேள்வி:
செவிப்பறை எப்போதாவது கிழிந்ததுண்டா?

பேனா நின்றது.
பதினாலு வயதில்
இனயம் பாறையில் சிப்பிக்கு முங்கியபோது
இடது காதில் ஏதோ பொட்டென்று போனதாம்.
ரத்தத்தைக் கழுவிவிட்டு
மறுபடி முங்கினாராம்.

பதினாறு வருஷமாக நான்
அவருக்கு வலப்பக்கம் படுக்கிறேன்.
ஃபேன் காற்றுக்காக என்றுதான் இருந்தேன்.

ஜெபிஷாவுக்கு போன் போட்டேன்.
டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார் அக்கா,
வேணும்னா அண்ணன் மேலே படகில் இருக்கலாம்,
பாதிக் கட்டணம்.

அவர் சிரித்தார்.
சிரித்து முடித்துவிட்டு,
"எவ்வளவு நேரம் உள்ள இருப்பே?"
நாற்பது நிமிஷமாம்.
நாற்பது நாள் தங்கல் போகிற மனிதர்
வாயைப் பிளந்தார்.
"அம்புட்டு நேரம் நான் மேல இருந்து என்ன செய்ய?"

நான் பதில் சொல்லவில்லை.
பாத்திரம் கழுவப் போனேன்.

விளக்கணைத்த பிறகு
இருட்டில் அவர் குரல் மட்டும்.
சிப்பிக்கு முங்கும்போது கண்ணாடி கிடையாது.
கண்ணை மூடிக்கிட்டு தடவுவோம்.
பிறகு பார்த்ததெல்லாம்
வலையில, தூண்டில்ல, ஐஸ்பெட்டியில.
"ஒரு கிளாத்தி
சும்மா இருக்கும்போ எப்பிடி இருக்கும்னு
பாத்துட்டு வா."

இப்போது தினமும் பயிற்சி.
தண்ணீர் நிறைத்த நீல டிரம்மில்
முகத்தை முக்குகிறேன்.
அங்கே மூச்சை அடக்கவே கூடாது என்று
ஜெபிஷா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள்.
இருந்தாலும் ஒரு தைரியத்துக்கு.
அவர் பக்கத்தில் நின்று
கைபேசியில் நொடி எண்ணுகிறார்.
பதினெட்டு.
இருபத்திரண்டு.

நேற்று முப்பத்தொன்றில்
என் கொண்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.
கண்ணில் காதில் எல்லாம் தண்ணீர்.
நான் நல்லாத்தானே இருந்தேன் என்று கத்தினேன்.

"மேல நிக்கியவனுக்கு
அது எப்பிடி தெரியும்" என்றார்.
கைபேசியில் நொடி
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.