இரண்டாம் தண்ணீர்

ஐந்தே காலுக்கு டோல்கேட் உழவர் சந்தையில்
கரும்பலகை இன்னும் நேற்றைய விலையில் நிற்கும்.
இலவம்பாடிப் பூங்காவனம் மட்டும்
சாக்கை அவிழ்த்துக்கொண்டே கேட்பாள்:
"இன்னாண்ணா, அண்ணிக்கு இன்னிக்கு ஊசியா?"
டயாலிசிஸ் என்ற சொல்லை
அவள் ஊசி என்று சுருக்கிவிட்டாள்.
எனக்கும் அது வசதி.

முள்ளுக் கத்தரிக்காயை நான் பொறுக்கும் விதம்
அவளுக்கு வேடிக்கை.
மேல்விஷாரத்தில் இருபத்தாறு வருஷம்
தோல் வெட்டிய கண்.
உண்ணி கடித்த தழும்பு, வேலி கீறிய கோடு
எல்லாம் விலக்கி அச்சை வைத்துப் பழக்கம்.
புழு போன ஓட்டை என்னிடம் தப்பாது.
காம்பு முள் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏறும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஆஸ்பத்திரித் தாள்.
தோல் சீவு. சின்னதாக நறுக்கு. வெந்நீரில் போடு.
வடி. மறுபடி வெந்நீர். மறுபடி வடி.
முதல் தண்ணீரோடு கத்தரிக்காயின் பச்சை வாசம் போகும்,
இரண்டாம் தண்ணீரோடு அதன் பெயர்.
மிச்சத்தைத்தான் தாளிக்கிறேன்,
கடுகு தாராளமாக, உப்பு ஒரு கிள்ளுகூட இல்லாமல்.
ரஞ்சிதம் மென்று பார்த்து
"புடலங்காயா?" என்பாள்.

வடித்ததை ஆறவைத்துப்
பின்பக்க முருங்கைக்கு ஊற்றுகிறேன்.
சத்துவாச்சாரி மலைப்பாறை
ராத்திரி பத்து மணிக்கும் அனல் விட்ட சித்திரையில்
தெருவில் எல்லா மரமும் சுருண்டபோது
இது மட்டும் கொழுத்தது.
ஆடியில் பீர்க்கு, ஐப்பசி மழையில் சுரை,
எல்லாவற்றின் சாரமும் அதற்குத்தான்.
அதன் கீரையோ தாளில் சிவப்பு மையில் இருக்கிறது.
ஒடித்து ஒடித்து எதிர்வீட்டு நசீமாவுக்குக் கொடுத்தோம்.
பதிலுக்கு என்ன தருவது என்று தெரியாமல்
அவள் ஒருநாள் ஒரு கிண்ணம் ஐஸ்கட்டி கொண்டுவந்தாள்.
தண்ணீரை டம்ளரில் எண்ணிக் குடிப்பவளுக்கு
அதைவிடப் பெரிய விருந்து இல்லை.

தை பிறந்து எட்டாம் நாள்
பச்சை மொச்சை.
பூங்காவனம் கேட்காமலே என் பையில் கொட்டினாள்.
"அண்ணி துன்ன வாணாம். உரிக்கட்டும்."

உரித்தாள். ஊறவைத்தாள்.
முறத்தை மடியில் வைத்துக்
கட்டைவிரலால் ஒவ்வொன்றாகப் பிதுக்கினாள்.
ஊசி ஏறும் இடக்கையில்
ரத்தம் மாவு மில் போல அதிர்ந்துகொண்டிருந்தது.
ஒரு பருப்பு எகிறிப்போய் சிலிண்டரில் டங் என்றது.
அடுத்தது என் மூக்குக் கண்ணாடியில்.
குறி பார்த்துத்தான் அடித்தாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் அரைத்தேன்.
தேங்காய், சோம்பு, நாலு சின்ன வெங்காயம்.
குழம்பு கொதி வந்ததும் அடுப்படியில் வந்து நின்றாள்.
மூக்குக்குத் தாளில் தடை எழுதவில்லை.

"சாப்பிடு" என்று எதிரில் உட்கார்ந்தாள்.
பத்து மாதமாக அவளோடு உப்பில்லாமல் தின்ற நாக்கு.
முதல் கவளத்துக்குக் கண் கலங்கியது,
காரத்துக்குத்தான்.
"எப்படி கீது?"
"உப்பு கூட."
"போட்டதே அரை ஸ்பூன்தானே"
என்று தட்டை இழுத்து முகர்ந்தாள்.
ஒரே ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்
கடிக்காமல்,
இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு
நெடுநேரம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

நாளை வெள்ளி. ஊசி.
போகிற வழியில் முள்ளங்கி வாங்க வேண்டும்.
மொச்சைத் தோலை அள்ளிக்கொண்டு
பின்கதவைத் திறந்தேன்.
"முருங்கைக்குப் போடாத" என்றாள்,
"அது ஏற்கெனவே ரொம்ப ஆடுது."