நிறம் ஊற்றுகிறவள்

கோத்தகிரியில் விடியுமுன்
வில்சி மடிக்கணினியைத் திறக்கிறாள்.
அமெரிக்காவில் ஓட்டு எண்ணும் இரவு.
எந்த மாநிலம் எந்தப் பக்கம் சாய்கிறதோ
அதில் அந்த நிறத்தை ஊற்றவேண்டும்.
மணிக்கு நூற்றெண்பது ரூபாய்.

பால் வாங்கிவந்த அந்தோணிராசு,
தோட்டச் சங்கத்தில் முப்பது வருஷம்,
ஜன்னலில் எட்டிப்பார்க்கிறார்.
"அடேயப்பா, நடுவெல்லாம் செவப்பு!
இது எப்ப நடந்துச்சு?"

ஒங்க செவப்பு இல்லண்ணே.
அங்க அது வலதுசாரி.

தூக்குச்சட்டியை மறுகைக்கு மாற்றுகிறார்.
"அவனுகளுக்கு யாரு குடுத்தது?"

யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள்.
ஏதோ ஒரு டிவியில் எவனோ
கைக்கெட்டிய டப்பாவைத் திறந்திருப்பான்.

ஒரு மாநிலம் மட்டும் இன்னும் வெள்ளை.
எழுநூறு ஓட்டு இழுபறி.
விரல் காத்திருக்கிறது.
எது வந்தாலும் விளிம்புவரை அதுதான்,
தோற்ற லட்சம் பேருக்கு
ஒரு புள்ளிகூட வைக்க
இந்த மென்பொருளில் வழியில்லை.

"அந்த வெள்ளையில
என்னம்மா வெளயுது?"

தெரியவில்லை.
அவள் தேடுவதற்குள் கரண்ட் போகிறது,
வைஃபையும்.

"பாலு ஆறுது" என்று
அவர் வேலியோரமாக இறங்குகிறார்.
அங்கே நீல ஹைட்ரேஞ்சியா,
அடுப்புச் சாம்பல் கொட்டுகிற பக்கம் மட்டும்
இந்த வருஷம் ரோஸ்.