இரைச்சல்

முந்நூறு ஸ்வாட்டி. கிதினியா சூப்பர் மார்க்கெட்டில்
வாஃபிள் சுடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

முதலில் முறுக்காணிகள்.
ஒரு பாட்டு முடிவதற்குள் ஸ்ருதி இறங்கிவிடும்,
சம்பளத்துக்கு மறுநாள் என் வங்கிக் கணக்கு மாதிரி.
பிறகு நட்: பிளாஸ்டிக்கைத் தட்டி எடுத்துவிட்டு
எலும்புத் துண்டை அரத்தால் தேய்த்தேன்.
சமையலறை முழுக்கப் பல் மருத்துவமனை வாசனை.

"இந்தக் காசுக்கு நல்ல கிடாரே வந்திருக்கும், ஒட்டிலியா,"
என்றான் ஜெமோவித், கிரேன் கேபினில்
தன் ஷிஃப்டை என்னிடம் ஒப்படைத்தபடி.
தெரியும். சுண்டைக்காய் கால் பணம்;
சுமைகூலி எப்போதோ ஒன்றரைப் பணம்.

பிக்கப் இரண்டும் புதிது.
குழிக்குள் செப்புத் தகடு ஒட்டினேன்,
சால்டரில் ஆள்காட்டி விரலைச் சுட்டுக்கொண்டேன்.
ஆம்ப்பைப் போட்டால் அதே
கர்ர்ர்.

கொஞ்ச நேரம் இல்லை. மறுபடி கர்ர்ர்.

திட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனபோது பார்த்தேன்:
மேட்டில் ஏறும் டிராலி பஸ்,
கம்பியில் கொம்பு உரசி ஒரு நீலப் பொறி.
என் கிடார் பஸ்ஸைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது,
எட்டு மாதமாக.

கடைசி வண்டி போகும்வரை விழித்திருந்தேன்.
பன்னிரண்டே கால். சத்தத்தை மிகக் குறைத்து
ஒரு கார்டு. இன்னொன்று.
அப்படி ஒரு சுத்தம்.

அந்தச் சுத்தத்தில் முதல்முறையாகக் கேட்டது,
என் மோதிர விரல்
ஒவ்வொரு தடவையும் தாமதமாக வந்து விழுவது.

அதற்கு உதிரிபாகம் எங்கும் விற்பதில்லை.

ஜாக்கின் மரையை இறுக்கினேன், வெண்ணெய்க் கத்தியால்.
முதல் வண்டி நாலு ஐம்பதுக்கு.