பதினாறுக்கு இரண்டு மாதம்

அப்பா கையெழுத்துப் போட்டது ரயில் டிக்கெட்டுக்காக.
இதைப் போலீஸிடம் சொன்னேன்,
பாதிரியாரிடம் சொன்னேன்,
இப்போது உங்களிடம்.

கிளாஸ்கோவிலிருந்து வந்த பால்டெரி
எங்கள் கடை மேஜையில் படிவத்தை விரித்தார்.
உறுப்பினர் ஆனால்
பையனுக்கு ஒரு மாதம் அட்ரியாடிக் கடல், வெயில், சாப்பாடு.
போக வர ஒரு பென்னி கிடையாது.
கிரீனாக்கில் வெயில் என்பது
மளிகைக்காரன் தரும் கொசுறு.
அப்பா உருளைக்கிழங்கு மாவுக் கையைத் துடைத்துவிட்டு
ஒட்டோரினோ
என்று எழுதினார்.
தன் பெயரை எழுத அவருக்கு எப்போதும் நேரமாகும்.

அதற்கு முந்தைய குளிர்காலம்தான்
அம்மா மோதிரத்தைக் கொடுத்திருந்தாள்.
நாட்டுக்குத் தங்கம் என்றார்கள்.
"எந்த நாடு? வயிறு காய அனுப்பியதே, அதுவா?"
அப்பா மீனைப் புரட்டியபடி கேட்டார்.
கிளப்பில் பெண்கள் வரிசையாக நின்றார்கள்,
ஒருத்தி மட்டும் எப்படி நிற்காமலிருப்பது.
மாற்றாக இரும்பில் ஒன்று கிடைத்தது.
உப்பும் வினிகரும் புழங்கும் கை அம்மாவுடையது.
மூன்றே மாதத்தில்
விரலைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு.

எல்வியோ வெயிலில் கறுத்துத் திரும்பினான்.
கறுப்புச் சட்டை, கழுத்தில் நீலக் கைக்குட்டை.
மரத் துப்பாக்கியை அங்கேயே பிடுங்கிக்கொண்டார்களாம்,
அதற்கு மூன்று நாள் அழுதான்.
இங்கே பள்ளியில் அவனுக்கு இரண்டு பெயர்,
இரண்டும் வசவு.
அங்கே ஐந்நூறு பையன்கள், காலையில் வருகை எடுப்பார்கள்,
"ஒருத்தர்கூட என் பெயரைத் தப்பாகச் சொல்லவில்லை, நெல்லா."
அதைவிடப் பெரிய லஞ்சம் எதுவென்று
இத்தனை வருடம் யோசிக்கிறேன்.
கல்லாவுக்குப் பின்னால் நின்று
வாடிக்கையாளருக்குக் கையை நீட்டி சல்யூட் வைத்தான்.
மிஸஸ் கில்ஃபிலன், பாவம்,
திருப்பிக் கையசைத்துவிட்டுப் போனாள்.

நாற்பதாம் வருடம், ஜூன் பத்து.
ஆறு மணிக்கு ரேடியோ சொன்னது,
ஒன்பதுக்குச் செங்கல் வந்தது.
மிட்டாய் ஜாடிகள் ஒவ்வொன்றாக.
கூட்டத்தில்
முந்தின நாள் கடன் சொல்லிப் போனவனும் இருந்தான்.

கான்ஸ்டபிள் மக்ஃபெயில் பின்கதவு வழியாக வந்தார்,
தொப்பியைக் கழற்றிக்கொண்டு.
"இருபது வருடத்துக்கு மேல் இருப்பவர்களை விடச் சொல்கிறார்கள்.
ஒட்டோ, நீ வந்து இருபத்தொன்பது.
ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறதே."

எல்வியோ மாடிப்படியில் நின்றான்.
"பாசிஸ்ட் நான். அவர் இல்லை."
"வயசு?"
"பதினாறுக்கு இரண்டு மாதம்."
"அப்படியானால் போய்ப் படு."

அவன் பர்காவில் பிறந்தவன்,
அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள்.
நான் கடைக்கு மேல் அறையில் பிறந்தவள், பிரிட்டிஷ்காரி.
ஒரே வாணலிதான் எங்கள் இருவரையும் வளர்த்தது.

அப்பா அடுப்பை அணைத்தார்.
"கொழுப்பு ஆறட்டும், சூட்டோடு கொட்டாதே."
அவ்வளவுதான் சொன்னது.

மறுநாள் விளக்கு மறைப்புத் திரையில் ஒரு கிழிசல்,
செங்கல்லின் வேலை.
அம்மா சட்டையை வெட்டி ஒட்டுப் போட்டாள்.
கறுப்போடு கறுப்பு,
தையல்கூடத் தெரியவில்லை.
எல்வியோ ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான்.

ஒரு தீவிலிருந்து ஒரே ஒரு கடிதம்.
தணிக்கை மை குடித்தது போக மிஞ்சியது
கீழே பெயர்,
எழுத நேரமான அதே பெயர்.

ஆகஸ்டில் பிறந்தநாள்.
ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, ஒரு சின்னப் பெட்டி,
பலகை அடித்த ஜன்னலுக்கு முன்னால்
காலையிலிருந்து நின்றான்.
எதிர்ப்பக்கம் சைக்கிளில் மக்ஃபெயில்.
இவன் கையை உயர்த்தினான்,
பழைய மாதிரி அல்ல,
வகுப்பில் பெயர் கூப்பிட்டால் உயர்த்துவது போல.
அவர் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து
மறு கையை அசைத்துவிட்டு
சரிவில் இறங்கிப் போனார்.