ஒன்றரை அங்குல ஆணி

மோட்டார் ஓடியது. கொக்கி சுற்றவில்லை.
பாதி பிசைந்த மாவு கிண்ணத்து அடியிலிருந்து
ஏலக்காய் வாசத்தோடு என்னைப் பார்த்தது.

காகித ஆலையில் பெல்ட் மாற்றுகிறவள் என் தங்கை.
தொலைபேசியிலேயே நாடி பிடித்தாள்.
கருகல் நாத்தம் வருதா? இல்லை.
பொறி பறந்ததா? இல்லை.
அப்ப என்னதான் சத்தம்?
சோற்றில் கல் கடித்த மாதிரி, என்றேன்.
அப்ப பல்தான், என்றாள் கைசா. பல்சக்கரம்.

அன்றைய ரொட்டிக்குக் கையாலேயே பிசைந்தேன்.
வின்னிபெக்கிலிருந்து சக்கரம் வர ஒன்பது நாள்.
அதற்குள் ஏரி கரையோரம் இறுகிவிட்டது,
என் கார்க் கதவும்.

ஞாயிறு இரவு.
மளிகைக்கடைத் தள்ளுபடித் தாள்களை மேசையில் விரித்து
மிக்ஸரை மல்லாத்தினேன்.
மஃபின் தட்டின் பன்னிரண்டு குழிகளில்
கழற்றிய வரிசைப்படி திருகுகள்.
ஏழாவது குழியில் எப்போதோ ஒட்டிய உலர்திராட்சை;
அதற்கும் ஓர் இடம் இருக்கட்டும் என்று விட்டேன்.

பிரியும்போது எழுதிய பட்டியலில்
படகு வெய்க்கோவுக்கு, இது எனக்கு.
பதினோரு கிலோ.
அடித்துத் திருத்தாத வரி அது ஒன்றுதான்.

அடி வளையத்தை நெம்பினால் ஒரு முளை தெரியும்,
சுருட்டிய எஃகு, உள்ளே பொள்ளல்,
சுத்தியலால் தட்டினால் வந்துவிடும் என்றிருந்தாள் கைசா.
தட்டினேன். வந்தது
ஆணி.
கூரைத் தகட்டுக்கு அடிக்கிற ரகம்.
தலையை அறுத்து, முனையை அரத்தால் தேய்த்து,
அளவு பார்த்துச் செருகியது.

படகில் ஊசித்துளை விழுந்தாலும்
தெருவையே கூப்பிட்டுக் காட்டுகிறவன்
இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.
நான் என்னவென்றால்
ஒருநாளும் மக்கர் பண்ணாத ஜாதி இது என்று
போகிற வீட்டிலெல்லாம் பீற்றியிருக்கிறேன்,
அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

மேல்மூடியைத் தூக்கினேன்.
மசகு கறுத்து, கம்பிப் பதம் தாண்டிய பாகாய்
கரண்டியில் இழுபட்டது.
சக்கரத்தில் ஒரு பக்கம் முழு வழுக்கை.
மாவு முரண்டு பிடித்தால் மோட்டார் பிழைக்கட்டும் என்று
இதை மட்டும் மெத்தென்று செய்வார்களாம்,
முதலில் இதுதான் போகுமாம்.
கைசா சொன்னாள்.
நான் எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை.

கரித்துண்டுகளை அளந்தேன். இரண்டு வருஷம் தாங்கும்.
வெண்ணெய்க் கத்தியால் புது மசகு பூசினேன்,
கேக்குக்குப் பூசுகிற கைதானே, மூலைவரை போனது.
புதுச் சக்கரம் மக்காமல் உட்கார்ந்தது.

பொட்டலத்தில் முளை மட்டும் இல்லை.
காலையில் கடை திறக்கும்,
ஒரு டாலர்கூட ஆகாது.

ஆணியைத் துடைத்து விளக்கில் பிடித்தேன்.
அறுத்த முனையில் அரம் உழுத கோடுகள்,
எல்லாம் ஒரே திசை, எங்கும் அவசரமில்லை.
இந்தப் பொறுமையை எங்கே வைத்திருந்தாய் மனுஷா.

இரவு பதினொன்று நாற்பதுக்கு
அதே ஓட்டையில் அதே ஆணியை அடித்தேன்.
அடுத்த வீட்டு திருமதி துப்ரேய் சுவரைத் தட்டினாள்.
நானும் மரியாதைக்கு ஒரு தட்டு தட்டினேன்.

ஒன்றாம் வேகம்.
சுற்றுகிறது.
பழைய சத்தமில்லை, ஏதோ வாய்க்குள்ளேயே பேசுகிற மாதிரி.

பன்னிரண்டு குழியும் காலி.
திராட்சையைக் காணோம்.
நான்தான் வாயில் போட்டிருப்பேன்,
இல்லையென்றால் அது உள்ளே.