தொண்ணூற்று மூன்று

நார்வேயின் வடகோடியில்
மளிகைக் கடை மூலையில்தான் அஞ்சலகம்.
பக்கத்திலேயே உறைபெட்டி.
அதில், வலைக்கூண்டில் வளர்ந்த சால்மன்
துண்டு துண்டாய், நெகிழிக்குள்.

இன்று புது அஞ்சல்தலை வந்திருக்கிறது:
காட்டு சால்மன்,
அருவியை எதிர்த்துத் துள்ளும் கணம்.
வந்தவை நாலாயிரம்.
ஆற்று மதகில் இருக்கும் கேமரா
இந்தக் கோடையில் எண்ணியதோ
தொண்ணூற்று மூன்று.

முதல் தாள் முழுவதையும் வாங்கிப் போனது
மீன்பண்ணை அலுவலகம்,
பில் அனுப்ப.
சிக்னே மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.

அப்புறம் ஓட்வார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மூக்கருகே பிடித்துப் பார்த்தார்:
"துடுப்பு தேயலை. வால் நுனி கூரா இருக்கு.
கூண்டு பார்க்காதது.
நம்ம ஆளுதான்."

ஒன்றே ஒன்று வாங்கி
பின்தாளை உரித்து ஒட்டினார்.
அமைச்சகத்துக்கு அவர் எழுதும்
பத்தாவது மனு.

சிக்னே முத்திரையை ஓங்கினாள்;
ஓங்கிய கை
ஒரு விரற்கடை நகர்ந்து இறங்கியது.
மை அருவியில் விழுந்தது,
மீன்மேல் படவில்லை.

மூன்று மணிக்கு அஞ்சல் வண்டி
ஆற்றோரமாகவே கடலுக்கு இறங்கும்.
முன்னே போன ஒன்பதும்
அந்த வழிதான் போயின.
ஒன்றும் திரும்பவில்லை.