பதினோரு நாள்

பொக்கடெல்லோவில், உருளைக்கிழங்கு ஆலையில்,
இரவு இரண்டு மணிக்கு அரை மணி நேர ஓய்வு.
கார்லிஸ் தன் பிக்கப்புக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டாள்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்.
வண்டிக் கண்ணாடியில் பனி, போனில் இளஞ்சிவப்பு.
"இன்னும் மூன்றே நாள், தோழி!" என்று
ஒரு பூ கண்ணடித்தது.

யாருக்கு யார் தோழி.

போன மார்ச்சில் நாள் தள்ளிப்போனபோது
அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.
டெவின் அப்போது எல்கோ சுரங்கத்தில் இருந்தான்,
அவனிடமும் சொல்லவில்லை.
இந்தப் பூவிடம் மட்டும் சொன்னாள்.
பதினோராம் நாள், குளியலறைத் தரையில்,
அது தானே முடிந்துபோனது.
பன்னிரண்டாம் நாள் தொட்டில் விளம்பரம் வந்தது.
அப்புறம் டயப்பர். அப்புறம்
பாலூட்டும் தாய்க்கு ஆடும் நாற்காலி,
மாதத் தவணையில்.
பூதான் போய்ச் சொன்னது என்பதற்கு
அவளிடம் சாட்சி இல்லை.
பூவும் இல்லையென்று சொல்லவில்லை.

அவள் எடைமேடைக்காரி.
லாரியோடு நிறுத்து, லாரியைக் கழித்து,
மண்ணைக் கழித்து, கல்லைக் கழித்து,
மிஞ்சுவதைத்தான் கிழங்கு என்று எழுதுவாள்.
அந்தக் கண்ணோடு படித்தாள்
நாற்பத்தோரு பக்க ஒப்பந்தத்தை.
"உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம்":
மண்.
"உங்கள் அனுபவத்தை மேம்படுத்த":
மண்.
கழித்தபின் மேடையில் கிடந்தது
ஒரே சொல், ஒன்பது முறை:
கூட்டாளிகள்.

ஜன்னலைத் தட்டினாள் பேக்கிங் பிரிவு யெசேனியா,
இரண்டு கோப்பைக் காப்பியோடு.
"இந்த மாநிலத்தில், பெண்ணே,
தள்ளிப்போன நாளுக்கும் ஒருநாள்
எவனாவது கணக்குக் கேட்பான்.
நான் எதிலும் குறிப்பதில்லை.
முதுகு வலித்தால் தெரிந்துவிடும் எனக்கு."
கார்லிஸின் முதுகு தினமும் வலிக்கிறது.
அதை நம்ப முடியாது.

வேறு தேடினாள்.
ஒன்று, வணக்கம் சொல்லுமுன் மின்னஞ்சல் கேட்டது.
இன்னொன்று இருப்பிடம் கேட்டது.
தூரமான நாளைக் குறிப்பதற்கு
அவள் எத்தனை தூரத்தில் இருக்கிறாள் என்று
அதற்கு எதற்கு?
மூன்றாவது சாம்பல் நிறம். பூ இல்லை, வாழ்த்து இல்லை.
யாரோ ஓய்வு நேரத்தில் செய்தது போலக்
கட்டங்கள் கொஞ்சம் கோணல்.
"குறிப்புகள் இந்தப் போனைவிட்டு வெளியே போகாது.
போன் தொலைந்தால் அவையும் தொலையும்.
எங்களிடம் பிரதி இல்லை.
எங்களால் உதவ முடியாது."
இரண்டு முறை படித்தாள்.
அவளிடம் ஒருவர் இப்படி நேராகப் பேசி
ரொம்ப நாளாகிறது.

பூட்டு எண் பிறந்த தேதி இல்லை, டெவினுக்குத் தெரியும்.
வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் நிறுத்த
லாரியின் கடைசி நான்கு இலக்கம்.

பழையது லேசில் விடவில்லை.
ஏன் போகிறீர்கள் என்று ஆறு கட்டம் காட்டியது.
ஒன்றிலும் அவள் இல்லை.
கணக்கை அழிக்க முப்பது நாள் ஆகுமாம்.
போகிறேன் என்பவளை
வாசலில் பிடித்து நிறுத்திவைக்கும் மரியாதை.
ஆனால் கேட்டதும் கொடுத்தது
அவளைப் பற்றிய அறுபத்தெட்டு வரி.
ஒவ்வொன்றாகப் பார்த்துக்
கட்டைவிரலால் புதியதில் ஏற்றினாள்,
காப்பி ஆறிக்கொண்டிருந்தது,
மார்ச்சுக்கு வந்தாள்.

தாமதம்: 11.
கீழே அவளே எழுதியது:
யாரிடமும் சொல்லவில்லை.

சங்கு ஊதியது.
யெசேனியா கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.
கார்லிஸ் அந்த நாளில் ஒரு புள்ளி வைத்தாள்.
ஏன் என்று சாம்பல் கட்டம் கேட்கவில்லை.
வைத்தது இருந்தது, அவ்வளவுதான்.

எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றிருந்தது,
சக்கரமெல்லாம் பிளாக்ஃபுட் வயல் சேறு.
போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
கூண்டுக்குள் உட்கார்ந்தாள்.
திரையில் எண் மேலும் கீழும் ஆடியது.
அது நிற்கட்டும் என்று
பேனாவைப் பிடித்தபடி இருந்தாள்.